முகத்துவாரம் அடைபட்டால் அடையாற்றங்கரைப் பூங்காவுக்கு என்ன ஆகும்?

அடையாறு பற்றிச் சென்னைச் செய்திகளில் திரும்பத் திரும்ப நான்கு தகவல்கள் வருகின்றன. முகத்துவாரத்தில் பொக்லைன் வைத்து மணல் அள்ளுகிறார்கள். ஆற்றில் மீன்கள் செத்து மிதக்கின்றன. ஆற்றங்கரையிலுள்ள தொல்காப்பியப் பூங்காவில் வளர்ந்து நிற்கும் மரங்களை வெட்டுகிறார்கள். மற்ற பூங்காக்களைப் போல அதற்குள் நினைத்த நேரத்தில் போய் உட்கார முடிவதில்லை.

ஒவ்வொன்றும் தனித்தனியாக வருவதால் வாசகர்கள் குழம்புகிறார்கள். பூங்கா என்றால் மரம் நடுவதும் பாதை போடுவதும்தானே, கடலோர மணலை அள்ளுவதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறார்கள். நான்கு செய்திகளும் ஒரே இடத்தில் முடிச்சுப் போட்டவை. ஆறு கடலைத் தொடும் அந்த வாய் திறந்திருக்கிறதா, எவ்வளவு திறந்திருக்கிறது என்பதுதான் அந்த முடிச்சு. அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

இரு கரை, இரு தோட்டம்

அடையாறு சுமார் 42 கி.மீ. நீளமுள்ள சிறிய ஆறு. செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீரைத் திருநீர்மலை அருகே வாங்கிக்கொண்டு, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் வழியாக வந்து, பட்டினப்பாக்கத்துக்கும் பெசன்ட் நகருக்கும் நடுவே கடலில் சேர்கிறது. கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டரில் அது அகன்று கழிமுகமாகிறது. ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் பகுதிக்குத்தான் கழிமுகம் என்று பெயர். அது கடலைத் தொடும் குறுகலான வாய் முகத்துவாரம். கழிமுகத்திலிருந்து பக்கவாட்டில் பிரிந்து நிலத்துக்குள் புகும் உப்புநீர்க் கிளை உப்பங்கழி.

தென்கரையில் இருப்பது பிரம்மஞான சபையின் (தியோசாபிகல் சொசைட்டி) தோட்டம். 1882-இல் சபையின் நிறுவனர்களான ஆல்காட்டும் பிளாவட்ஸ்கியும் ஹடில்ஸ்டன் கார்டன்ஸ் என்ற தோட்டத்தை வாங்கிச் சபையின் தலைமையகத்தை அங்கே அமைத்தார்கள். அப்போது அது 27 ஏக்கர். 1907-இல் அன்னி பெசன்ட் தலைவரான பிறகு பக்கத்துத் தோட்டங்களும் சேர்ந்து இன்று 250 ஏக்கருக்கு மேல் பரந்திருக்கிறது. புகழ்பெற்ற அடையாறு ஆலமரம் இதற்குள்தான். இது சபைக்குச் சொந்தமான தனியார் நிலம். குறிப்பிட்ட நேரங்களில் மட்டும் பொதுமக்களை அனுமதிப்பது அவர்கள் வழக்கம்.

வடகரையில் உப்பங்கழி குயிபிள் தீவைச் சுற்றிக்கொண்டு ராஜா அண்ணாமலைபுரத்துக்குள் நுழைகிறது. அதன் ஒரு பகுதியான 58 ஏக்கர்தான் தொல்காப்பியப் பூங்கா. பல ஆண்டுகள் கட்டட இடிபாடும் குப்பையும் கொட்டித் தூர்ந்துபோன இடம் அது. அவற்றை அள்ளி, நீர்ப்பரப்பைத் திரும்பத் தோண்டி, கரைகளில் நாட்டு மரங்களை நட்டு, 2011 ஜனவரியில் திறந்தார்கள். 2025-இல் புதுப்பித்து மறுபடி திறந்தார்கள். சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளை இதைக் கவனித்து வருகிறது.

தென்கரைத் தோட்டம் மேட்டு மணலில் வளர்ந்த பழைய சோலை. வடகரைப் பூங்கா பாதிக்கு மேல் தண்ணீர். இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டால்தான், ஒரே முகத்துவாரம் இரண்டையும் வெவ்வேறு வழியில் பாதிப்பது புரியும்.

ஓதம்: நாளுக்கு இரண்டு முறை ஏறி இறங்கும் நீர்

சென்னைக் கடலில் நாளொன்றுக்கு இரண்டு உயர் ஓதம், இரண்டு தாழ் ஓதம். ஏறுவதற்கு ஆறு மணி நேரத்துக்குச் சற்று அதிகம், இறங்குவதற்கும் அதே அளவு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் சுமார் 1 மீட்டர். அட்டமியை ஒட்டிய நாட்களில் அது ஏறத்தாழ 40 செ.மீ.தான். மேற்குக் கடற்கரையின் சில இடங்களில் பல மீட்டர் ஏறி இறங்குவதோடு ஒப்பிட்டால் இது மிகச் சின்ன ஓதம். அடையாற்றின் எல்லாச் சிக்கலும் இந்தச் சின்ன எண்ணிலிருந்துதான் கிளைக்கிறது: ஓதத்தின் பலம் குறைவு என்பதால், வழியில் சிறு தடை இருந்தாலும் அது உள்ளே போய்ச் சேராது.

ஓர் ஓதத்தில் உள்ளே புகுந்து வெளியேறும் மொத்த நீருக்கு ஓதக் கொள்ளளவு என்று பெயர் வைத்துக்கொள்வோம். நீர்ப்பரப்பை ஏற்ற இறக்க உயரத்தால் பெருக்கினால் அது கிடைக்கும். முகத்துவாரத்தின் அகலமும் ஆழமும் இந்தக் கொள்ளளவைப் பொறுத்தே நிலைக்கின்றன. உள்ளே நிறைய நீர் போய் வந்தால், அது ஓடும் வேகத்தில் வாயிலுள்ள மணலைத் தானே அரித்து வெளியே தள்ளும். குறைவாகப் போய் வந்தால், அலை கொண்டுவந்து போடும் மணல் ஜெயித்துவிடும்.

ஆகவே உப்பங்கழியில் ஒரு ஏக்கரைத் தூர்த்துக் கட்டடம் எழுப்பினால் இழப்பு அந்த ஒரு ஏக்கரோடு நிற்பதில்லை. ஓதக் கொள்ளளவு குறைகிறது, முகத்துவாரம் முன்னைவிடச் சீக்கிரம் அடைபடுகிறது, மீதியிருக்கும் நீர்ப்பரப்பும் தேங்குகிறது. பூங்காவுக்காகக் குளம்போல் தோண்டிய இடம், அழகுக்கு மட்டும் என்று பலர் நினைப்பது, உண்மையில் முகத்துவாரத்தைத் திறந்து வைக்கும் விசையின் ஒரு பங்கு.

மணல் திட்டு எப்படி உருவாகிறது

1. மார்ச் முதல் செப்டம்பர் வரை அலைகள் தென்கிழக்கிலிருந்து சாய்வாகக் கரையில் மோதுகின்றன. அதனால் கரையோர நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே போகிறது. மீனவர்கள் இதைத் தெண்டி என்பார்கள். வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் ஓட்டம் தலைகீழாகி வடக்கிலிருந்து தெற்கே வரும், அது வன்னி.

2. ஆண்டு முழுவதையும் கூட்டிக் கழித்தால் மணல் வடக்கு நோக்கியே அதிகம் நகர்கிறது. 1870களில் சென்னைத் துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர் எழுப்பத் தொடங்கிய பிறகு, அதற்குத் தெற்கே மெரினா அகன்றதும் வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரிக்கப்பட்டதும் இதற்கு நேரடிச் சாட்சி.

3. அப்படி நகரும் மணல் அடையாற்றின் வாயைக் கடக்கும்போது அங்கே படிகிறது. ஆற்றில் வேகம் இருந்தால் அடித்துக்கொண்டு போய்விடும். ஆனால் மழைக்காலம் முடிந்த பிறகு அடையாற்றில் வருவது பெரும்பாலும் கழிவுநீர்தான். அதற்கு மணலைத் தள்ளும் வேகம் கிடையாது.

4. மிச்சமிருப்பது ஓதத்தின் விசை மட்டும். அட்டமி நாட்களில் அது பாதிக்கும் கீழே இறங்குகிறது. கோடையில் அலையடி சற்றுக் கூடுதலாக இருக்கும் ஒரு அட்டமி வாரத்தில் வாய் முழுவதுமாக மூடிக்கொள்வதற்கு வாய்ப்பு அதிகம்.

ஆகவே, 'போன வருஷம்தானே அள்ளினார்கள், மறுபடி ஏன்?' என்று கேட்பதில் பயனில்லை. மணல் வரத்து நிற்காத இடத்தில் தூர்வாருவது ஆண்டுதோறும் செய்யவேண்டிய பராமரிப்பு. எப்போது செய்தார்கள், எப்படிச் செய்தார்கள் என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

சாலைக்கு அடியில் இன்னொரு முகத்துவாரம்

வாய் திறந்திருந்தாலும் பூங்காவுக்குள் ஓதம் வந்துவிடும் என்று உறுதி இல்லை. உப்பங்கழியைச் சாலை குறுக்கே வெட்டிப் போகிறது. சாலைக்கு அடியில் விட்டிருக்கும் வழியாக மட்டுமே நீர் போய் வர முடியும். இங்கே ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது.

58 ஏக்கரில் 35 ஏக்கர் நீர்ப்பரப்பு என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஏக்கர் 4,047 சதுர மீட்டர். ஆக சுமார் 1,41,600 சதுர மீட்டர். உள்ளே ஓதம் 30 செ.மீ. ஏறி இறங்க வேண்டுமானால், ஒவ்வொரு முறையும் 42,500 கன மீட்டர் நீர், அதாவது 4.25 கோடி லிட்டர், வழியைக் கடக்க வேண்டும். அதற்குக் கிடைக்கும் நேரம் ஆறே கால் மணி. நொடிக்கு ஏறத்தாழ 1.9 கன மீட்டர். நீர் நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் ஓடினால், 3.8 சதுர மீட்டர் திறப்பு தேவை. 1 மீட்டர் விட்டமுள்ள ஐந்து குழாய்கள், அதுவும் துளி வண்டல் இல்லாமல் இருந்தால், சரியாகப் போதும்.

அந்தக் குழாய்களில் பாதி உயரத்துக்கு வண்டல் சேர்ந்தால் திறப்பு பாதியாகிறது. உராய்வு கூடுவதால் வேகமும் குறைகிறது. விளைவு, உள்ளே 30 செ.மீ. ஏறவேண்டிய நீர் 15 செ.மீ.கூட ஏறாது. இன்னொரு கோளாறும் உண்டு. குழாயின் அடித்தளம் உப்பங்கழியின் தரைமட்டத்தைவிட மேலே அமைந்துவிட்டால், தாழ் ஓதத்தின்போது அதற்குக் கீழே உள்ள நீர் வெளியேறவே வழியில்லை. மேல்நீர் மட்டும் மாறிக்கொண்டிருக்கும். அடிநீர் மாதக்கணக்கில் அப்படியே கிடந்து கறுக்கும். மேலே இருந்து பார்ப்பவருக்கு நீர் ஏறி இறங்குவதாகவே தெரியும் என்பதுதான் இதில் உள்ள ஆபத்து.

இதனால்தான் இப்படிப்பட்ட இடங்களில் குழாய்களைவிட, தரைமட்டம் வரை திறந்திருக்கும் பாலமே சரியான தீர்வு. செலவு அதிகம்தான். ஆனால் வண்டலை அள்ள இயந்திரம் உள்ளே இறங்க முடியும், மிதந்து வரும் பிளாஸ்டிக் சிக்காது, மீன் குஞ்சுகளும் தடையில்லாமல் போய் வரும்.

உப்பின் அளவே தாவரத்தைத் தீர்மானிக்கிறது

கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. மழை நீரில் இல்லை என்றே சொல்லலாம். பூங்காவின் நீர் இந்த இரண்டுக்கும் நடுவே எங்கே நிற்கிறது என்பதைப் பார்த்தால், எந்தச் செடி வளரும் என்று சொல்லிவிடலாம்.

ஆகாயத்தாமரை நன்னீர்ச் செடி. லிட்டருக்கு 6 முதல் 8 கிராம் உப்பை அது தாங்காது. முதலில் இலை விளிம்பு பழுப்பாகும், பிறகு காம்பில் உள்ள பஞ்சு போன்ற பகுதி சுருங்கி, செடி மூழ்கத் தொடங்கும். நல்ல ஓதம் தொடர்ந்து வந்தாலே ஆள் வைத்துப் பிடுங்க வேண்டிய அவசியம் இராது. எனவே உப்பங்கழியில் ஆகாயத்தாமரையோ, ஆளுயரச் சம்பங்கோரையோ மண்டிக் கிடந்தால், 'பராமரிப்பு சரியில்லை' என்று முடித்துவிடக் கூடாது. கடல் நீர் அங்கே எட்டவில்லை, கழிவுநீர் மட்டும் வருகிறது என்று அந்தச் செடிகள் காட்டிக்கொடுக்கின்றன. ஒரு எச்சரிக்கை: மண்டிய ஆகாயத்தாமரையை அப்புறப்படுத்தாமல் திடீரென ஓதத்தைத் திறந்துவிட்டால், அத்தனையும் ஒரே நேரத்தில் அழுகி நீரிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். முதலில் அள்ள வேண்டும், பிறகு திறக்க வேண்டும்.

கழிமுகச் சேற்றில் வளரும் அலையாத்தித் தாவரங்களின் (மாங்குரோவ்) கதை நேர்மாறானது. சென்னைக் கழிமுகங்களில் அதிகம் காணப்படும் வெண்கண்டல் உப்பை வேரிலேயே பெருமளவு தடுத்து, மீதியை இலை வழியாகக் கக்கிவிடும். வெயில் ஏறிய பிறகு இலையை உற்றுப் பார்த்தால் உப்புத் துகள்கள் மினுங்குவது தெரியும். அதைச் சுற்றிச் சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக மேலே நீட்டிக்கொண்டிருப்பவை சுவாச வேர்கள். சேற்றுக்குள் காற்று இல்லாததால், தாழ் ஓதத்தில் வெளியே தெரியும் அந்த நுனிகள் வழியாகத்தான் வேர் மூச்சு விடுகிறது.

முகத்துவாரம் மூடியபின் மழை பெய்தால் உள்ளே நீர்மட்டம் உயர்ந்து, இறங்காமல் நிற்கும். சுவாச வேர்கள் வாரக்கணக்கில் மூழ்கிக் கிடந்தால் மரம் மூச்சுத் திணறிச் சாகும். உப்புநீர் மரம் தண்ணீரில் மூழ்கிச் சாகுமா என்று கேட்பவர்கள் உண்டு, சாகும். தண்ணீர் ஏறினால் மட்டும் போதாது, இறங்கவும் வேண்டும்.

கோடையில் வேறு ஆபத்து. தனியே துண்டுபட்ட பள்ளங்களில் நாளுக்கு 5 மி.மீ. நீர் ஆவியாகிறது என்று வையுங்கள். 60 நாளில் 30 செ.மீ. போய்விடும். பள்ளத்தின் ஆழம் 60 செ.மீ. என்றால் பாதி நீர்தான் மிச்சம். உப்பின் செறிவு இரு மடங்கு. 35 கிராம் 70 கிராம் ஆகிவிட்டால் வெண்கண்டல் நாற்றுக்கூடத் தாங்காது, உப்பைத் தாங்கும் உமரிச் செடி மட்டும் சிவந்து படரும். இதைத் தவிர்க்கத்தான் அலையாத்தி நடும் இடங்களில் மீன்முள் வடிவக் கால்வாய் வெட்டுகிறார்கள். நடுவே ஒரு முதன்மைக் கால்வாய். அதிலிருந்து 45 பாகைச் சாய்வில் இருபுறமும் கிளைகள். பிச்சாவரத்தில் பாழ்பட்ட அலையாத்திக் காட்டை மீட்டது இந்த முறையில்தான். நாற்றைக் கால்வாயின் அடியில் நட்டால் மூழ்கிவிடும், மேட்டில் நட்டால் காய்ந்துவிடும். சரிவின் நடுப்பகுதியில்தான் நட வேண்டும். இதில் ஒரு சாண் தவறினாலும் நட்டது வீண். நட்ட நாற்றின் எண்ணிக்கையைப் பெருமையாக அறிவிப்பதைவிட, எந்த மட்டத்தில் நட்டார்கள் என்று சொல்வது நூறு மடங்கு பயனுள்ளது.

நீர்மட்டத்துக்கு மேலே உள்ள கரையில் பூவரசு, புங்கை, புன்னை போன்றவை நிற்கும். அதற்கும் மேலே, சோழமண்டலக் கரைக்கே உரிய உலர் பசுமைமாறாக் காட்டின் மரங்கள்: வீரை, காசா, உலக்கைப்பாலை, கருங்காலி. இவை மெதுவாக வளர்பவை. பத்தாண்டு ஆகியும் புதர்போலத்தான் இருக்கிறது என்று குறைப்பட வேண்டாம். அவற்றின் இயல்பு அது.

மீன்கள் செத்து மிதப்பது எப்படி

'ஏதோ ஆலை ரசாயனத்தைக் கலந்துவிட்டது' என்ற பேச்சு உடனே கிளம்பும். சில நேரம் அப்படியும் இருக்கலாம். ஆனால் ரசாயனமே இல்லாமலும் இது நடக்கும். படிப்படியாக:

1. முகத்துவாரம் சுருங்கி, நீர் தேங்குகிறது. கழிவுநீரிலுள்ள கரிமப் பொருள் அடியில் கறுப்புச் சேறாகப் படிகிறது.

2. அந்தச் சேற்றில் ஆக்சிஜன் தீர்ந்து, அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு உருவாகிறது. நீர் அசையாத வரை அது அடியிலேயே கிடக்கும்.

3. கோடைமழையோ பருவமழையின் முதல் பெருமழையோ பெய்கிறது. மழைநீர் வடிகால்களில் மாதக்கணக்கில் சேர்ந்த அழுக்கெல்லாம் ஒரே நாளில் ஆற்றுக்கு வருகிறது. அடிச் சேறும் கலங்குகிறது.

4. 30 பாகை வெப்பத்தில் நன்னீரில் கரையக்கூடிய ஆக்சிஜனே லிட்டருக்கு அதிகபட்சம் 7.5 மில்லிகிராம்தான், கடல் நீரில் இன்னும் குறைவு. இருக்கும் கொஞ்சத்தையும் கலங்கிய சேறு சில மணி நேரத்தில் தின்றுவிடும். 2 மில்லிகிராமுக்குக் கீழே போனால் பெரும்பாலான மீன்கள் தாங்காது.

5. முதலில் சாவது மடவை. கடலுக்கும் கழிக்கும் இடையே கூட்டமாகத் திரியும் மீன் அது. ஜிலேபி மீன் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து காற்றை ஒட்டிய நீரை இழுத்துப் பிழைத்துக்கொள்ளும். அதனால்தான் கரையில் ஒதுங்குவதில் மடவையே அதிகம்.

இரவில் பாசிகள் ஆக்சிஜன் விடுவதில்லை, இழுத்துக்கொள்கின்றன. ஆகவே ஆக்சிஜன் மிகக் குறைந்த நேரம் விடியற்காலை. பகல் பதினோரு மணிக்கு எடுத்த நீர் மாதிரியைக் காட்டி 'ஆக்சிஜன் போதிய அளவு உள்ளது' என்று சொன்னால் அதற்கு மதிப்பில்லை.

தென்கரை: மணலுக்குள் மிதக்கும் நன்னீர்

பிரம்மஞான சபைத் தோட்டத்தில் இப்படிப்பட்ட நீர்ப்பரப்பு இல்லை. ஆனாலும் ஆற்றோடும் கடலோடும் அதற்குள்ள உறவு நிலத்தடியில் தொடர்கிறது. கடலோர மணலுக்குள் இறங்கும் மழைநீர், அடியிலுள்ள கனமான உப்புநீரின் மேல் எண்ணெய்போல மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலில் பழைய விதி. இதைத் திருப்பிப் படித்தால்தான் அச்சம் வரும்: மோட்டார் போட்டு இறைத்து நன்னீர் மட்டத்தை 1 அடி இறக்கினால், காலப்போக்கில் உப்பு கீழிருந்து 40 அடி மேலே ஏறும்.

சென்னையில் ஆண்டுக்கு சராசரியாக 1,400 மி.மீ. மழை. 250 ஏக்கரில் அது ஏறத்தாழ 141 கோடி லிட்டர். அதில் கால் பங்கு மட்டும் மணலில் இறங்கினாலும் 35 கோடி லிட்டர். பெசன்ட் நகர், அடையாறு பக்கத்து நிலத்தடி நன்னீரைக் காப்பதில் கட்டடம் ஏறாத இந்த மண்ணுக்குப் பங்கு உண்டு. பூங்காவை நிழலுக்கும் நடைப்பயிற்சிக்கும் மட்டுமாக மதிப்பிடுவது எவ்வளவு குறைமதிப்பீடு என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும்.

இந்த மண்ணுக்கு ஒரு பலவீனமும் உண்டு. மழையில் ஊறிய மணல் வேரைப் பிடித்து நிறுத்தாது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் மணிக்கு 110 முதல் 120 கி.மீ. வேகத்தில் சென்னையைக் கடந்தபோது, நகரில் அடியோடு சாய்ந்தவற்றில் தூங்குமூஞ்சி, குல்மோகர் போன்ற அகன்ற தலையும் ஆழமில்லா வேரும் கொண்ட அயல் மரங்கள் ஏராளம். சபைத் தோட்டமும் பல மரங்களை இழந்தது.

ஆலமரத்தின் கதை வேறு. சுமார் 450 வயது மதிக்கப்படும் அந்த மரத்தின் தாய்த் தண்டு 1989-இல் காற்றில் சாய்ந்தது. மரம் சாகவில்லை. தரையைத் தொட்ட ஒவ்வொரு விழுதும் தனக்கென வேரும் நீரோட்டமும் கொண்ட தனித் தண்டாக ஏற்கெனவே மாறியிருந்ததுதான் காரணம். ஆலமரத்தைக் காப்பது என்றால் விழுதைக் காப்பதுதான். தொங்கும் இளம் விழுதின் நுனி மென்மையானது. பிடித்து ஊஞ்சலாடினாலோ நுனியைக் கிள்ளினாலோ அது தரையைத் தொடும் வாய்ப்பே போய்விடும். தரைக்கு எட்டாத விழுதைப் பிளந்த மூங்கிலுக்குள் விட்டு, மண்ணும் மட்கிய எருவும் நிரப்பி, ஈரம் காயாமல் வைத்தால், நுனி இருட்டிலும் ஈரத்திலும் விரைவாகக் கீழே இறங்கும். அதன் கிளைக்கு அப்போதுதான் ஒரு தூண் கிடைக்கிறது.

மரத்தை வெட்டுவது எப்படிப் பாதுகாப்பு ஆகும்?

பூங்காவிலும் கழிமுகக் கரைகளிலும் வெட்டப்படுவது பெரும்பாலும் சீமைக் கருவேலம். பச்சையாகத் தெரிவதால் மக்களுக்கு மனம் பதறுகிறது. அந்தப் பதற்றம் நல்ல குணம்தான்; ஆனால் இந்த மரம் உப்பங்கழிக் கரையைப் பிடித்துவிட்டால், அதன் நிழலில் நாட்டு நாற்று எதுவும் தலையெடுக்காது. தமிழ்நாடு அரசும் அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்ற 2022-இல் தனிக் கொள்கை வகுத்திருக்கிறது.

வெட்டும் முறையில் தவறினால் பலன் தலைகீழாகும். தரையோடு அறுத்தால் அடிக்கட்டையிலிருந்து பத்துத் தளிர் கிளம்பி, முன்னைவிட அடர்ந்த புதராகிவிடும். தண்டும் வேரும் சேரும் முடிச்சை, தரைக்குக் கீழே ஓரடி வரை, தோண்டி எடுக்க வேண்டும். காய் முற்றி உதிர்வதற்கு முன் முடிக்க வேண்டும். மாடுகள் காயைத் தின்றால் விதை சாணத்தோடு ஊரெல்லாம் பரவும். நீரோரச் சரிவில் இருப்பவற்றை ஒரேயடியாகப் பிடுங்கக் கூடாது. கரை சரிந்து, மண் கழிக்குள் போய், ஓதக் கொள்ளளவைக் குறைத்துவிடும். பட்டை பட்டையாக அகற்றி, அந்த மழைக்காலத்திலேயே அதே இடத்தில் நாட்டுச் செடியை நட வேண்டும். வெட்டிவிட்டுச் சும்மா விட்ட இடத்தில் மூன்றே ஆண்டில் கருவேலம் திரும்பிவிடும்.

முகத்துவாரத்தை வெட்டும் முறை

இந்தப் பணி நீர்வளத் துறையுடையது. சரியாகச் செய்தால் கவனிக்க வேண்டியவை:

1. காலம்: வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பருக்குள் முடிய வேண்டும். மழை வந்தபின் அவசரமாக வெட்டுவது வெள்ள நிவாரணம் மட்டுமே. கோடை முழுதும் தேங்கியதால் வந்த சேதத்தை அது ஈடுகட்டாது. கோடை நடுவிலும் ஒருமுறை திறப்பது பூங்காவுக்கு அவசியம்.

2. நாள்: அமாவாசை, பௌர்ணமிக்கு ஓரிரு நாள் முன்பு. பெரிய ஓதம் அடுத்து வரும் சில நாட்களில் புதிய வழியை அரித்து அகலப்படுத்தும். அட்டமியில் வெட்டினால் இரண்டொரு நாளில் மூடிவிடும்.

3. நேரம்: உள்நீர் மட்டம் கடலைவிட உயர்ந்திருக்கும்போது, அதாவது கடல் இறங்கத் தொடங்கியபின், கடைசித் தடுப்பை உடைக்க வேண்டும். வெளியே பாயும் நீர் மணலைக் கடலுக்குத் தள்ளும். கடல் ஏறும்போது உடைத்தால் அலை மணலை உள்ளே கொண்டுவந்து கொட்டும்.

4. அள்ளிய மணல்: வாயின் ஓரத்திலேயே மேடாகக் குவிப்பதுதான் அடிக்கடி பார்க்கும் தவறு. தெண்டிக் காலத்தில் தென்பக்கம் குவித்தது அப்படியே திரும்பி வரும். வடக்கே, கரை அரிக்கும் சீனிவாசபுரம் பக்கம் பரப்பினால் இரண்டு வேலை முடியும்.

5. வெள்ளம்: 2015 டிசம்பர் முதல் தேதி செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டபோது, சைதாப்பேட்டை மறைமலை அடிகள் பாலத்தின் மேலேயே நீர் ஓடியது. அத்தனை பெரிய வெள்ளம் எந்த மணல் திட்டையும் உடைத்துவிடும். ஆனால் உடைக்க எடுக்கும் ஒவ்வொரு மணி நேரமும் கரையோரக் குடிசைகளில் நீர் ஏறும் நேரம்.

உள்ளே ஏன் எல்லோரையும் விடுவதில்லை

ஈரநிலத்தில் பறவைகள் கூடு கட்டுவது நீரோரச் சேற்றிலும் தாழ்ந்த புதரிலும். நெடுங்கால் உள்ளான் வெறும் தரையில் முட்டையிடும். பாதையில் ஆள் நடமாட்டம் இடைவிடாமல் இருந்தால் தாய்ப்பறவை எழுந்து எழுந்து போகும். வெயிலில் முட்டை வெந்துவிடும். நடைப்பயிற்சிக்கு நகரில் வேறு பூங்காக்கள் உண்டு. தொல்காப்பியப் பூங்காவில் நேரமும் ஆள் எண்ணிக்கையும் வரையறுத்திருப்பது சரியே. அதே அளவுகோல் விழா மேடைக்கும் ஒலிபெருக்கிக்கும் விளக்கு அலங்காரத்துக்கும் பொருந்த வேண்டும் என்பதில்தான் நாம் பிடிவாதமாக இருக்க வேண்டும்.

சட்டம் எந்த எண்ணைப் பார்க்கிறது

கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, ஓதம் எட்டும் ஆறு, கழிகளின் கரையையும் பாதுகாக்கிறது. 2011 அறிவிக்கையில் அந்தப் பட்டை 100 மீட்டர் அல்லது கழியின் அகலம், இரண்டில் எது குறைவோ அது. 2019 அறிவிக்கையில் 100 மீட்டர் 50 மீட்டராகக் குறைந்தது. 1,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அலையாத்திக் காட்டுக்குத் தனியாக 50 மீட்டர் இடைப்பகுதி உண்டு.

ஓதம் எதுவரை எட்டுகிறது என்பதை உப்பை வைத்தே முடிவு செய்கிறார்கள். ஆண்டின் மிக வறண்ட காலத்தில் எடுக்கும் நீரில் ஆயிரத்துக்கு 5 பங்கு, அதாவது லிட்டருக்குச் சுமார் 5 கிராம், உப்பு இருக்கும் இடம் வரைதான் ஓத எல்லை. வறண்ட காலம்தான் அடையாற்றில் முகத்துவாரம் மூடும் காலமும். வாய் அடைபட்டு, குழாயில் வண்டல் நிறைந்து, கழிவுநீர் மட்டும் தேங்கி நிற்கும் வாரத்தில் மாதிரி எடுத்தால் உப்பு 5 கிராமுக்குக் கீழே காட்டும். வரைபடத்தில் ஓத எல்லை கடலை நோக்கிச் சுருங்கும். பாதுகாப்புப் பட்டையும் அதோடு போகும்.

ஆகவே இனி உப்பங்கழியை ஒட்டி ஒரு திட்டத்துக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பு என்ற அறிவிப்பு வந்தால், அதன் வரைபடத்தைப் பற்றி மூன்று விவரங்களை எழுத்தில் கேளுங்கள்: நீர் மாதிரி எடுத்த தேதி, அன்று முகத்துவாரம் எத்தனை மீட்டர் அகலம் திறந்திருந்தது, மேல்மட்டத்தில் எடுத்தார்களா, அடியில் எடுத்தார்களா. உப்புநீர் கனமானது என்பதால் அடியில்தான் அதிகம் இருக்கும். மேல்மட்ட மாதிரியை மட்டும் வைத்து வரைந்த எல்லைக்கு ஆட்சேபம் தெரிவிக்க அந்த ஒரு காரணமே போதும்.